நெல் விலையும் அரிசி விலையும்



போன கிழமை சங்கக் கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்றபோது, பின்னால் நின்ற அம்மா ஒருவர் கேட்டார்: "அமெரிக்காவில புயல் அடிச்சா எண்ணெய் விலை ஏறுமாமே. நிலத்துக்கடியில கிடக்கிற எண்ணெயைக் காத்து என்ன செய்யும், பிள்ளை?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன்.

மெக்சிக்கோ வளைகுடாவில் கடலுக்கு நடுவே மேடைகள் அமைத்து எண்ணெய் எடுக்கிறார்கள். சூறாவளி வருகிறதென்றால் கிணறுகளை மூடிவிட்டு, வேலையாட்களை ஹெலிகொப்டரில் கரைக்கு ஏற்றிவிடுவார்கள். ஆகவே காற்று வரமுன்பே எண்ணெய் நின்றுவிடும், விலையும் அசையத் தொடங்கிவிடும். பாதை மூடப்போகுது என்ற கதை வந்தவுடனேயே யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் விலை ஏறியதை நாங்கள் மறப்போமா? ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அதில் நனைய மட்டும் எண்ணெய் விட்டு விளக்கெரித்த காலம் அது.

2005 ஆகஸ்ட் 29 இல் கத்ரீனா சூறாவளி லூசியானாக் கரையைத் தாக்கியது. செப்டெம்பர் 24 இல் ரீட்டா வந்தது. இரண்டும் நூற்றுக்கு மேற்பட்ட மேடைகளை அழித்தன. மசகு எண்ணெய் பீப்பாய் ஒன்று 70 டொலரைத் தாண்டியது.

ஆனால் பெரிய அடி கரையில்தான் விழுந்தது. மசகு எண்ணெயை அப்படியே லாம்பில் ஊற்ற முடியாது. சுத்திகரிப்பு நிலையத்தில் காய்ச்சிப் பிரித்தால்தான் பெற்றோலும் டீசலும் மண்ணெண்ணெயும். அந்த நிலையங்கள் பல கரையோரத்திலேயே இருக்கின்றன. வெள்ளம் புகுந்தாலோ மின்சாரம் போனாலோ அவை நின்றுவிடும். அரிசி ஆலை நின்றதுபோல என்று வையுங்கள். நெல்லை வாங்க ஆளில்லை, நெல் விலை விழும். அரிசி இல்லை, அரிசி விலை ஏறும். 2017 ஆகஸ்டில் ஹார்வி சூறாவளி டெக்சாஸில் அடித்தபோது இதுவே நடந்தது. அமெரிக்காவில் மசகு எண்ணெய் விலை இறங்க, பெற்றோல் விலை ஏறியது.

கத்ரீனாவுக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாகப் பெற்றோல் அமெரிக்காவுக்குப் போனது. ஒரு கரையில் குறைந்ததை மறுகரையிலிருந்து இழுத்தால் அங்கேயும் விலை ஏறத்தானே செய்யும்? எங்களுக்கும் எண்ணெய் கப்பலில்தான் வருகிறது. சப்புகஸ்கந்தையில் சுத்திகரிப்பு நிலையம் இருந்தாலும் அது நாட்டின் தேவை முழுவதற்கும் போதாது.

வாசிக்கும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. நியூ ஓர்லியன்ஸ் நகரை விட்டு எல்லோரும் வெளியேறும்படி கத்ரீனாவுக்கு முதல்நாள் கட்டளை வந்ததாம். வாகனமோ கைக்காசோ இல்லாத பல்லாயிரம் பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள். வெளியேறச் சொல்லுவார்கள், எதில் போவதென்று சொல்லமாட்டார்கள். அது எங்களுக்குத் தெரியாத கதையா?

அந்த அம்மாவை அடுத்த கிழமை கண்டால், நெல்லையும் அரிசியையும் வைத்து விளங்கப்படுத்தலாம் என்று இருக்கிறேன்.