‘வேண்டாம்’ என்பது வைத்தியமா?

காலையில் கடற்கரைச் சாலையில் நடக்க வரும் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், சென்ற வாரம் சொன்னார்: “கொரோனா சமயத்தில் கர்ப்பிணிகளுக்கு ஊசி போடாமல் நிறுத்தி வைத்தது நல்ல முன்ஜாக்கிரதை சார். வயிற்றுப் பிள்ளை விஷயம் இல்லையா?” கூட வந்தவர்களும் தலையாட்டினார்கள். நடந்துகொண்டே வாதம் செய்தால் எனக்கு மூச்சு வாங்கும், அதனால் இங்கே எழுதுகிறேன்.

தேதிகளைப் பாருங்கள். நம் நாட்டில் ஊசி தொடங்கியது 2021 ஜனவரி 16. சோதனைகளில் கர்ப்பிணிகள் சேர்க்கப்படவில்லை, ஆகவே அவர்களுக்கு வேண்டாம் என்றார்கள். அனுமதி வந்தது ஜூலை 2. நடுவில் ஏப்ரலும் மேயும் எப்படிப் போயின என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிரான்சிலோ ஏப்ரல் 3 முதலே, மூன்று மாதம் தாண்டிய கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை. அங்கே போட்டது வேறு ஊசி, உண்மைதான். ஆனால் அந்த ஊசியின் முதல் பெரிய சோதனையிலும் கர்ப்பிணிகள் இல்லை.

நான் கோப்புகளோடு வாழ்ந்தவன். ‘மேலும் விவரம் பெற்றுச் சமர்ப்பிக்கவும்’ என்று எழுதித் திருப்பினவருக்கு ஒருநாளும் ஆபத்து வந்ததில்லை. அனுமதித்து ஏதாவது ஆகிவிட்டால் கையெழுத்து யாருடையது என்று தேடுவார்கள். அனுமதிக்காமல் ஒருத்தி செத்தால் அது நோயின் கணக்கில் போய்விடும். பிரெஞ்சுச் சட்டத்தில் ‘நோன்-அசிஸ்தான்ஸ்’ என்று ஒரு குற்றம் உண்டு: ஆபத்தில் இருப்பவருக்கு உதவ முடிந்தும் சும்மா நிற்பது. நம் அலுவலகங்களில் அதற்குப் பெயர் ஜாக்கிரதை.

எங்கள் தெருக்கோடி வீட்டு மருமகள் நர்ஸ். பிப்ரவரியில் அவளோடு வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் ஊசி போட்டார்கள். அவளுக்கு ஐந்தாம் மாதம், அதனால் இல்லை. வார்டு டியூட்டி மட்டும் உண்டு! மே மாதம் காய்ச்சல், பிறகு மூச்சுத் திணறல். ஆக்சிஜன் அளவு 88. மற்றவர்களுக்கே அது மோசம். கர்ப்பிணிக்கோ, பிள்ளைக்கும் சேர்த்து, 95-க்குக் கீழே இறங்க விடக்கூடாது என்பார்கள். கருப்பை மேலே தள்ளுவதால் நுரையீரலுக்கு இடம் குறைவு, இரத்தம் உறையும் சுபாவமும் அதிகம்.

அங்கேயும் ‘வேண்டாம்’ வந்தது. இந்தத் தடவை சொன்னது சர்க்கார் இல்லை, நம் வயதுக்காரர்கள். எக்ஸ்ரே வேண்டாம், ஸ்டீராய்டு வேண்டாம், குழந்தைக்கு ஆகாது என்று மாமியாரும் பெரியப்பாவும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று மறித்தார்கள். டாக்டரம்மா கெட்டிக்காரி, அசையவில்லை. மார்பு எக்ஸ்ரேயில் கருவுக்குப் போய்ச் சேரும் கதிர், பத்து மாதத்தில் இயற்கையாக வருவதில் ஒரு துளிதான் என்று விளக்கினார். உறைவைத் தடுக்கப் போடும் ஹெப்பாரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகாது என்றார். “தாய்க்கு மூச்சு இல்லையென்றால் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?” என்று கேட்டார். இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, மருந்தும் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் சிசேரியன். பெண் குழந்தை, ஒன்றே முக்கால் கிலோ. தாய் வீடு திரும்ப மூன்று வாரம் ஆயிற்று.

நண்பர் தாலிடோமைடை எடுத்துக்காட்டினார். 1957-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, மசக்கைக்கும் கொடுக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்த பிறகு 1961-ல் திரும்பப் பெற்ற மருந்து. பயங்கரம்தான். ஆனால் கர்ப்பத்தில் என்ன செய்யும் என்று முறையாகச் சோதிக்காமல் விற்றதால் வந்த வினை அது. அதைக் காட்டியே கர்ப்பிணிகளைச் சோதனைக்குள் சேர்க்காமல் விடுவது எந்த ஊர் நியாயம்? பிரிட்டனில் ‘ரிகவரி’ சோதனையில் கர்ப்பிணிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். டெக்ஸாமெதாசோன் நஞ்சுக்கொடியைத் தாண்டும் என்பதால், அவர்களுக்கு மட்டும் பிரெட்னிசோலோன் அல்லது ஹைட்ரோகார்ட்டிசோன் என்று மாற்றி எழுதி வைத்தார்கள். கோப்பில் ஒரே ஒரு வரித் திருத்தம்.