கிற்றாரை மேடையேற்றிய பெரியார்

ஒரு வாத்தியத்தின் பெருமை அதன் மரத்திலும் நரம்பிலும் மாத்திரம் தங்கியிருப்பதன்று. அதனைக் கையிலேந்துவோர் தேடித்தரும் மதிப்பிலும் தங்கியுள்ளது. ஸ்பெயின் தேசத்து இசைமேதை அந்திரேஸ் செகோவியாவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

செகோவியா 1893 ஆம் ஆண்டு லினாரேஸ் என்னும் ஊரிற் பிறந்தவர். அக்காலத்திலே கிற்றார், மதுச்சாலைகளுக்கும் நாட்டுப்புற ஆடல்களுக்கும் உரிய வாத்தியமென்றே பலராலும் எண்ணப்பட்டது. தார்ரேகா முதலிய விற்பன்னர் அதன் ஆற்றலைக் காட்டியிருந்தும், பியானோவும் வயலினும் வீற்றிருந்த பெருஞ்சபைகளில் அதற்கு ஆசனம் கிடைத்திலது. செகோவியாவின் வீட்டாரும் அதனை விரும்பினாரல்லர். அவரோ தமக்குத் தாமே ஆசிரியரும் மாணவருமாகிப் பயின்று, 1909 இல், தமது பதினாறாவது வயதில், கிரனாடா நகரில் முதற் கச்சேரியை நிகழ்த்தினார். 1924 இல் பாரிஸ் நகரமும் 1928 இல் நியூயோர்க் நகரமும் அவர் வாசிப்பைக் கேட்டு வியந்தன.

ஆயினும், கைத்திறன் ஒன்றே ஒரு கலையை நிலைநிறுத்தாது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். கிற்றாருக்கென எழுந்த உருப்படிகள் மிகச் சில. எனவே, அவ்வாத்தியத்தை வாசித்தறியாத இசையாசிரியர்களையும் அணுகிப் புதிய உருப்படிகளை எழுதுவித்தார். ஸ்பெயின் நாட்டுத் தொர்ரோபா, மெக்சிக்கோ நாட்டுப் பொன்சே, இத்தாலி நாட்டுக் கஸ்தெல்நுவோ-தெதெஸ்கோ ஆகியோர் அவருக்காக எழுதினர். பிறேசில் நாட்டு வில்லா-லோபோஸ் தாம் இயற்றிய 12 பயிற்சி உருப்படிகளை அவருக்கே உரித்தாக்கினார்.

நரம்பிலும் ஒரு குறை இருந்தது. விலங்கின் குடலிலிருந்து திரித்த நரம்புகள் எளிதில் அறுந்துவிடும். இரண்டாவது உலக மகாயுத்தக் காலத்தில், சத்திரசிகிச்சைத் தையலுக்கு அவை வேண்டப்பட்டமையால், வாத்தியக்காரருக்குக் கிடைப்பது அரிதாயிற்று. அப்பொழுது நியூயோர்க்கில் அல்பேர்ட் ஓகஸ்ரின் என்பவர் நைலோன் இழையில் நரம்பு செய்தார். செகோவியா அதனை ஏற்று வாசித்து, உலகமும் ஏற்கச் செய்தார்.

1950 முதல் இத்தாலியின் சியென்னா நகரில் அவர் கோடைகால வகுப்புக்களை நடத்தலானார். பல தேசத்து இளைஞர் அவரை நாடி வந்தனர். அவர்களுள் ஒருவர் அவுஸ்திரேலியாவிற் பிறந்த யோன் வில்லியம்ஸ். சிறுவராகச் சென்று கற்ற அவர், பின்னர் உலகப் புகழ் பெற்றார். அவரே பிற்காலத்தில், செகோவியா தம்மைப் போலவே வாசிக்கும்படி மாணாக்கரை வற்புறுத்தினார் என்று குறைகூறினார். தம் வழியைத் தாமே வெட்டிக்கொண்ட ஒருவர், பிறர் வேறுவழி செல்ல மனமிசையாதிருந்தமை சிந்தித்தற்குரியது.

இதனால் அவர் பெருமை குன்றிவிடாது. 1987 இல், 94 ஆவது வயதிற் காலமாகும் ஆண்டிலும் கச்சேரி செய்தவர் அவர். இன்று இசைக் கல்லூரிகள் பலவற்றிற் கிற்றார் கற்பிக்கப்படுவதற்கு அவருடைய உழைப்பு ஒரு பெருங் காரணமாகும். எனினும் கற்பிப்போரும் பெற்றோரும் இங்கே ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். நமது வழி நல்வழியாயிருப்பினும், பிள்ளைகள் அதிலேயே நின்றுவிட வேண்டுமென்பது நியாயமாகாது. மாணவர்களும் ஒன்றை மறத்தலாகாது. ஆசிரியரின் விரல்களைப் பார்த்துப் பழகுதல் கல்வியின் தொடக்கம்; தன் செவியைக் கேட்டு வாசித்தலே அதன் பயன்.