தானியங்கித் தடையும் தானியங்கிப் பதிலடியும்

உரையாடல் குழுவில் ஒருவரைத் தடை செய்தவுடன், மனிதர் எவரும் கை வைக்காமலே மறுவினை ஆற்றும் நிரல்களை எழுதுவதில் நம் மாணவ நண்பர்கள் பெரும் ஆர்வம் காட்டி வருகின்றனர். தடை போட்டவரைத் திருப்பித் தடை போடும் நிரலை எழுதியவன் வீரனாகவே போற்றப்படுகின்றான். அது வீரமன்று என்பது என் துணிபு.

இக்கலை புதிதும் அன்று. 1988இல் பின்லாந்து நாட்டு ஊலு நகரில் யார்க்கோ ஓய்க்காரினென் உருவாக்கிய ஐ.ஆர்.சி. உரையாடல் முறையிலேயே இதன் வேர் இருக்கின்றது. அங்கே தடை ஆளின் மீது விழுவதில்லை. புனைபெயர், பயனர் அடையாளம், இணைய முகவரி மூன்றும் சேர்ந்த ஓர் அச்சின் மீது விழுகின்றது. தடை விழுந்த செய்தி அரங்கிலுள்ள எல்லாருடைய கணிப்பொறிக்கும் போய்ச் சேரும். ஆனால் தடை மட்டும் ஒருவரை வெளியேற்றாது. அதற்குத் தனிக் கட்டளை பின்னால் வரவேண்டும். அந்தக் கண்ணிமைக்கும் இடைவெளியில்தான் நிரல் புகுந்து விளையாடும். அச்சு தன் எசமானனுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும்; பொருந்தினால், எசமானனுக்கும் அரங்கில் அதிகாரம் இருக்குமானால், தடையை நீக்கிப் போட்டவரின் அதிகாரத்தையும் பறித்துவிடும். எதிர்த் தரப்பிலும் இத்தகைய நிரல் இருந்துவிட்டால்? இரண்டும் மாறி மாறி மோதும். செய்தி வெள்ளத்தைப் பொறுக்காத சேவைக் கணினி இரண்டையுமே துண்டித்துவிடும்.

அச்சை அகலமாக அடித்தால் இன்னொரு கேடு. திருவொற்றியூரில் பிரவுசிங் சென்டர்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், ஒரு கடையின் பத்துக் கணினிகளுக்கும் வெளியே தெரிந்தது ஒரே முகவரிதான். ஒருவன் குறும்பு செய்தால் ஒன்பது பேர் வாசலில் நிற்பார்கள். இன்றும் கைப்பேசி நிறுவனங்கள் பலரை ஒரே முகவரியின் பின்னால் வைத்திருக்கின்றன.

2021 மே மாதம் ஃப்ரீநோட் என்னும் புகழ்பெற்ற ஐ.ஆர்.சி. வலையமைப்பில் நடந்ததைப் பாருங்கள். நிர்வாகப் பூசலால் தொண்டர்கள் விலகி லிபெரா சாட் என்ற புதிய அமைப்பைத் தொடங்கினர். சில நாட்களில், தலைப்பு வரியில் லிபெராவின் பெயரைக் குறிப்பிட்டிருந்த சுமார் 700 அரங்குகளை ஃப்ரீநோட்டின் தானியங்கி நிரல் கைப்பற்றியது. சொல்லைக் கண்டது, வெட்டியது. எந்தப் பொருளில் சொன்னாய் என்று கேட்கவில்லை. விளைவு? தயங்கி நின்றவர்களும் மூட்டை கட்டிக்கொண்டு லிபெராவுக்கே போனார்கள்.

எண்ணூர் முதல் இராயபுரம் வரை 'மெமோ' என்ற சொல்லை அறியாத தொழிலாளி வீடு உண்டா? 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்திற்குப் பின், ஒழுங்கீனம் என்று சொல்லி ஒருவரை ஆலையை விட்டு நீக்குமுன் குற்றச்சாட்டை எழுத்தில் தந்து விளக்கம் கேட்பது முறையாயிற்று. மீனவர் குப்பங்களின் ஊர்விலக்கம் கொடியதுதான். அதை நான் ஆதரிக்கவில்லை. ஆயினும் அங்கேயும் ஊர் கூடித்தான் தீர்ப்புச் சொல்லும். அபராதம் கட்டித் திரும்பி வர ஒரு வழியும் இருக்கும். நம் நிரலுக்கு அந்த அளவு பொறுமைகூட இல்லையே!

உரையாடல் குழுதானே, விளையாட்டுதானே என்பீர்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறிய மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அத்தகைய இரவில் தெருக்குழுவின் ஒரு வரிச் செய்தி எவ்வளவு பெரிது! முந்தின வாரம் ஏதோ ஒரு சொல்லுக்காக நிரலால் விலக்கப்பட்டவருக்கு அந்த வரி போய்ச் சேராது.

நிரலே கூடாது என்று நான் சொல்லவில்லை. விளம்பரக் குப்பையை இரவெல்லாம் விழித்திருந்து பெருக்க எவரால் முடியும்? தடைக்கு மறுவினையாக நிரல் சண்டை போடாமல் காரணத்தையும், கால அளவையும், முறையிட வேண்டிய ஆளின் பெயரையும் சொல்லட்டும். டெலிகிராமில் எழுதுவோர் இதைத் தடைக்கு முன்பே, குழுவிலேயே, சொல்லிவிட வேண்டும். தன்னிடம் முதலில் பேசாதவருக்கு அங்கே தானியங்கி தனிச்செய்தி அனுப்ப இயலாது. கால அளவிலும் கவனம் தேவை. 30 நொடிக்குக் குறைவாகவோ 366 நாட்களுக்கு மிகுதியாகவோ குறித்தால் டெலிகிராம் அதை நிரந்தரத் தடையாகவே கொள்ளும். 'இருபது நொடி வாயை மூடிக்கொண்டிரு' என்று வேடிக்கையாக எழுதுகிறவன் ஆயுள் தண்டனை விதித்துவிட்டு அதை அறியாமலே உட்கார்ந்திருப்பான்.