கத்தி ஒருவர் கையில், கையெழுத்து இன்னொருவருடையது

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசு மருத்துவமனைப் பிணவறைகள் பலவற்றில் நடப்பதை இனியும் பிரேத பரிசோதனை என்று சொல்லலாமா என்று கேட்கவே இதை எழுதுகிறேன். மருத்துவக் கல்லூரிகளை விட்டுவிடுங்கள். அங்கே தடயவியல் மருத்துவத்துக்கென்று ஒரு துறை இருக்கிறது, அதைப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்வது தாலுகா அளவிலான மருத்துவமனைகளை. காலையில் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து எழுதிய அதே பணி மருத்துவர்தான் மதியம் பிணவறைக்கும் போக வேண்டும். போகிறவர் பல நேரம் வாசலோடு நின்றுவிடுகிறார். உடலைத் திறப்பது, உறுப்புகளை எடுப்பது, மண்டையோட்டை அறுப்பது, தைத்து மூடுவது எல்லாம் பிணவறைத் தொழிலாளியின் வேலை. அவர் சொல்லச் சொல்ல மருத்துவர் எழுதிக்கொள்கிறார். சான்றிதழில் மட்டும் மருத்துவரின் கையெழுத்து.

கேள்விப்பட்டதை வைத்து இதை எழுதவில்லை. எங்கள் தெருக்காரர் ஒருவர் இறந்தபோது, போலீசாரின் பிரேத விசாரணையில் பஞ்சாயத்தாராகக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். நாலு மணிக்கு மேல் உடலைக் கொண்டுபோனதால் "காலையில வாங்க" என்றார்கள். மறுநாள் பிணவறைக் கதவு பாதி திறந்திருந்தது. மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நிலைப்படிக்கு வெளியே நின்ற மருத்துவர், "லிவர் எப்படிப்பா இருக்கு?" என்றார். "நார்மல்தான் சார்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அதுவே படிவத்தில் ஏறியது. காடாத்துணிக்கு, சென்ட்டுக்கு, 'அண்ணனுக்கு' என்று தனித்தனியாகக் காசு கேட்டார்கள். இறந்தவரின் தம்பி சட்டைப்பையில் இருந்த நோட்டுகளை எண்ணிக்கூடப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தார்.

அந்தத் தொழிலாளியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு யாரும் தொடத் தயங்குகிற உடலை அவர்தான் தொடுகிறார். தரமான கையுறையோ முகக்கவசமோ இல்லாமல், நாற்றத்தைத் தாங்கக் குடித்துவிட்டு, பல இடங்களில் ஒப்பந்தக் கூலிக்கு வேலை பார்க்கிறார். இந்த வேலை எந்தச் சாதிகளின் தலையில் கட்டப்பட்டிருக்கிறது என்பது நாம் எல்லோரும் அறிந்ததுதான். குற்றம் அவரிடம் கத்தியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறவர்களுடையது.

எங்கள் கொடைக்கானல் மலையில் இது இன்னும் ஆபத்தானது. இறந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதை உடல் விறைப்பை வைத்துக் கணிப்பது வழக்கம். இரண்டு மூன்று மணி நேரத்தில் தொடங்கி, பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முழு உடலும் விறைத்துவிடும் என்பது சமவெளி வெயிலுக்கு எழுதிய கணக்கு. ஜனவரியில் புல்லின் மேல் உறைபனி படியும் இரவில் வெளியே கிடந்த உடலுக்கு அது பொருந்தாது. குளிரில் விறைப்பு மெதுவாக வரும், மெதுவாகவே விலகும். உடலின் உள்வெப்பத்தை அளந்து, கிடந்த இடத்தின் குளிரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாசலில் நிற்பவர் எந்த வெப்பமானியை வைத்து அளப்பார்?

கரி அடுப்பையும் சொல்ல வேண்டும். 2024-இல் கொடைக்கானலுக்கு வந்து தங்கிய இளைஞர்கள் இருவர், அறைக்குள் வைத்த பார்பிக்யூ அடுப்பின் புகையால் இறந்த செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். கரிப்புகையின் கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் கலந்து இறந்தால், உடலின் அடிப்பக்கத்தில் படியும் இரத்தக்கறை இளஞ்சிவப்பாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால், கடுங்குளிரில் கிடந்த உடலிலும் கிட்டத்தட்ட அதே நிறம் வரலாம். இரத்தம் எடுத்துச் சோதித்தால்தான் உண்மை தெரியும். எடுக்க வேண்டும் என்று தோன்றுவதற்கே படிப்பும் பழக்கமும் வேண்டும்.

பூச்சிமருந்து சாவுகளும் அப்படியே. பூண்டும் கேரட்டும் உருளையும் போடும் ஊரில் வீட்டுக்கு வீடு மருந்து டப்பா இருக்கிறது. தானே குடித்தாரா, தெளிக்கும்போது ஏறியதா, யாராவது கொடுத்தார்களா? இரைப்பையும் அதில் இருந்ததும், சிறுகுடலில் ஒரு பகுதி, கல்லீரலில் ஒரு துண்டு, இரண்டு சிறுநீரகங்களிலும் பாதிப் பாதி ஆகியவற்றைச் செறிவான உப்புக் கரைசலில் போட்டு, சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். தவறி ஃபார்மலினில் போட்டால் விஷத்தைப் பிரித்தெடுப்பதே பெரும்பாடு. பாட்டில் ஆய்வகம் போய் முடிவு வரும்வரை 'இறப்புக்கான காரணம் நிலுவையில்' என்ற வரியோடு குடும்பம் காத்திருக்கிறது, இன்சூரன்ஸும் காத்திருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. சந்தேக மரணத்தில் உடலை மருத்துவரிடம் அனுப்பச் சொல்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவு. மருத்துவரிடம் என்றுதான் சொல்கிறது, மருத்துவமனைக் கட்டடத்துக்கு என்று சொல்லவில்லை. காவல் மரணங்களில் தடயவியல் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்த இருவர் சேர்ந்து பரிசோதிக்க வேண்டும், முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும், அதற்கு முன்பே குடும்பத்தார் உடலைப் பார்க்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. வசதியுள்ள மருத்துவமனைகளில் பொழுது சாய்ந்த பிறகும் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்தது; கொலை, தற்கொலை போன்ற சந்தேக மரணங்களுக்கு அந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது. 'வசதியுள்ள' என்ற அந்தச் சொல்லிலேயே நாங்கள் விடுபட்டுப் போகிறோம்.

ஒழுங்காகச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சாத்தான்குளம் சாட்சி. 2020 ஜூனில் அங்குள்ள போலீசாரால் கைதான தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவலில் இறந்தபோது முதலில் வந்த விளக்கம் மூச்சுத்திணறல், உடல்நலக்குறைவு. நெல்லை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் மூவர் கேமரா முன்னால் செய்த பரிசோதனையால், உடலிலிருந்த காயங்களை யாராலும் மறைக்க முடியவில்லை. நம்பிக்கை போனால் என்ன ஆகும் என்பதற்குக் கள்ளக்குறிச்சி. 2022 ஜூலையில் கனியாமூர் பள்ளி மாணவியின் மரணத்தில் முதல் பரிசோதனையைப் பெற்றோர் நம்பவில்லை. பள்ளி வாகனங்கள் எரிந்தன. உயர் நீதிமன்றம் மறு பரிசோதனைக்கு உத்தரவிட வேண்டியதாயிற்று.

இந்தியாவில் பதிவான முதல் சட்டமுறைப் பிரேத பரிசோதனையே நம் சென்னையில்தான் நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1693 ஆகஸ்டில் ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் வீலர் திடீரென்று இறந்தார். அவர் சாப்பிட்ட மருந்தை இடித்த கல்வத்தில் அதற்கு முன் ஆர்சனிக் இடித்திருந்தார்கள்; கழுவவில்லை. உடலைப் பரிசோதித்து அறிக்கை கொடுத்தவர் எட்வர்ட் பல்க்லி என்ற மருத்துவர். பார்த்தவரே எழுதினார்.

அரசிடம் புதுக் கட்டடம் கேட்கவில்லை. திண்டுக்கல்லில் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கிருந்து தடயவியல் மருத்துவர் ஒருவரை மலை வட்டங்களின் சந்தேக மரணங்களுக்கு முறைவைத்து அனுப்புங்கள். அது முடியாத நாளில் உடலைக் கீழே கொண்டுபோகவும் திரும்பக் கொண்டுவரவும் ஆகும் செலவை அரசே ஏற்கட்டும். பிணவறைத் தொழிலாளிக்கு நிரந்தர வேலையும் பாதுகாப்புக் கருவியும் கொடுங்கள். உடலைத் திறந்தவர் யார், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடித்தார் என்பது சான்றிதழிலேயே இருக்கட்டும். அதன் நகலைக் குடும்பத்தார் ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலையாமல் பெறட்டும். அதுவரை, வாசலில் நின்று எழுதிய சான்றிதழை எந்த நீதிமன்றமும் மருத்துவச் சாட்சியமாக ஏற்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அட்டுவம்பட்டி, கொடைக்கானல் வட்டம்.