கூண்டுக்கு வெளியே நிற்கும் தீர்க்கதரிசிகள்

தியான வேதபகுதி: லூக்கா 22:63-65



எம்.எம்.ஏ. என்றால் என்னவென்று நம் வாலிபர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மூத்தவர்களுக்காக மட்டும் ஒரு வார்த்தை: குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, காலால் உதைக்கும் கலைகள் எல்லாம் கலந்து, எண்கோணக் கம்பிக் கூண்டுக்குள் இருவர் மோதுகிற விளையாட்டு அது. ஒருவர் நினைவிழக்கலாம், மூட்டோ கழுத்தோ பூட்டப்பட்டுத் தோல்வியை ஒப்புக்கொள்ளலாம், நேரம் முடிந்து நடுவர்கள் தீர்ப்புச் சொல்லலாம். அமெரிக்காவின் யு.எஃப்.சி. நிறுவனம் அதன் மிகப் பெரிய மேடை. கிறிஸ்தவன் அதைப் பார்க்கலாமா என்பது நெடிய விவாதம். அதற்குள் இந்த வாரம் நான் நுழையவில்லை. பட்டப் போட்டிக்கு முந்தைய நாள்களில் பார்வையாளர்கள் தங்களுக்குள் நடத்தும் இன்னொரு போட்டியைப் பற்றி எழுதுகிறேன். யார் ஜெயிப்பார், எந்தச் சுற்றில், எந்த அடியில் என்று அடித்துச் சொல்லும் போட்டி அது. வெறும் பேச்சுத்தானே, இதில் என்ன பாவம் என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்கே இந்தப் பதில்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு போட்டியை எடுத்துக்கொள்கிறேன். 2015 நவம்பர் 15, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரம். அரங்கில் 56,214 பேர்; அதுவரை யு.எஃப்.சி. காணாத கூட்டம். பெண்கள் பாண்டம்வெயிட் பட்டத்தை வைத்திருந்தவர் ரோண்டா ரவுசி. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜூடோவில் வெண்கலம் வென்றவர். தொழில்முறையில் பன்னிரண்டு போட்டிகள், பன்னிரண்டு வெற்றிகள். அவற்றில் பதினொன்று முதல் சுற்றிலேயே முடிந்தவை. கடைசி மூன்று போட்டிகளை முறையே 16, 14, 34 விநாடிகளில் முடித்திருந்தார். கூட்டினால் ஒரு நிமிடமும் நான்கு விநாடியும். எதிரே நின்றவர் ஹாலி ஹோல்ம். குத்துச்சண்டையில் 33 வெற்றி, இரண்டு தோல்வி, மூன்று சமநிலை என்று நீண்ட அனுபவம் உள்ளவர். ஆனால் இந்தக் கூண்டு விளையாட்டில் ஒன்பது போட்டிகளே ஆடியிருந்தார்.

அந்த வாரங்களில் நடந்த பேச்சை நினைத்துப் பாருங்கள். ரவுசி ஜெயிப்பாரா என்பது கேள்வியாகவே இருக்கவில்லை. எத்தனை விநாடியில் என்பதே கேள்வி. குத்துச்சண்டை வீரர் ஃபிளாய்ட் மேவெதரோடு மோதினால் ரவுசி வெல்வாரா என்றுகூடப் பெரிய மனிதர்கள் தீவிரமாக விவாதித்தார்கள். சூதாட்டக்காரர்களின் கணக்கும் அப்படியே: ஹோல்ம்மீது பணம் வைத்தவருக்குப் பல மடங்கு திரும்பக் கிடைக்கும்; அதாவது, அவர் ஜெயிக்கப்போவதில்லை. ரவுசியைப் பயிற்றுவித்தவரைப் பற்றி அவருடைய சொந்தத் தாயே, ஒருகாலத்தில் ஜூடோ உலகப் பட்டம் வென்ற அந்தப் பெண்மணியே, வெளிப்படையாகக் குறை கூறினார். அதையும் பலர் குடும்பச் சண்டை என்று தள்ளிவிட்டார்கள்.

இதில் வியப்பான ஒன்று உண்டு. போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ரவுசியே நடக்கவிருப்பதை விவரித்தார். ஹோல்ம் நெருங்கவிடாமல் விலகி நிற்பார், என்னைப் பொறுமையிழக்கச் செய்வார், நான் தவறும்போது தலையில் உதைக்கப் பார்ப்பார் என்றார். ஆனால் அப்படி நடக்காது என்று முடித்தார். அப்படியே நடந்தது. ஹோல்ம் சுற்றிச் சுற்றி விலகினார். பாய்ந்து வந்தவரை இடது கையால் நேராகக் குத்தினார். இரண்டாம் சுற்றின் 59-ஆம் விநாடியில் ஆட்டம் முடிந்தது. இடது காலால் கழுத்தருகே ஓர் உதை, ரவுசி விழுந்தார், விழுந்தவர்மேல் நடுவர் தடுக்கும்வரை இன்னும் சில அடிகள்.

இங்கே ஒன்றை நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். அறிந்து பேசுவது வேறு. ரவுசியின் பலம் எதிராளியைப் பிடித்து வீழ்த்துவதில் இருக்கிறது, பிடிக்க நெருங்க வேண்டும், நெருங்கவிடாத கால்களும் நீண்ட அனுபவமும் ஹோல்முக்கு உண்டு என்று நிதானமாகச் சொன்னவர்கள் சிலர் இருந்தார்கள். அது கைத்தொழிலை மதிக்கிற பேச்சு. அதை நான் குறை சொல்லவில்லை. ஒரு தச்சன் இன்னொரு தச்சன் இழைத்த கதவைத் தட்டிப் பார்ப்பதுபோன்றது அது. நான் எதிர்ப்பது, 'எழுதி வைத்துக்கொள்' என்று தொடங்கும் பேச்சை. முன்னது இன்னும் தெரியாததற்கு இடம் வைக்கிறது, பின்னது வைப்பதில்லை.

தெரியாதது எவ்வளவு இருந்தது என்பது பிற்பாடு வெளிவந்தது. 2024-இல் ரவுசி தம் நினைவுக் குறிப்பை வெளியிட்ட காலத்தில், ஜூடோ நாள்கள் தொடங்கித் தம் தலையில் பட்ட காயங்களையும் அவற்றின் பாதிப்பையும் ஆண்டுக்கணக்கில் மறைத்துவந்ததைச் சொன்னார். தோற்கடிக்க முடியாதவர் என்று உலகம் சத்தியம் செய்த அந்த உடல் ஏற்கெனவே அடிபட்டிருந்தது. ஈசாயின் வீட்டில் எலியாபைக் கண்டவுடன் சாமுவேல் தீர்க்கதரிசியே தவறாக எண்ணினார் என்றால் (1 சாமுவேல் 16:6-7), பதினாறு விநாடிக் காட்சியைப் பத்துமுறை பார்த்தவனுக்கு ஒரு மனுஷியின் உள்ளே இருப்பது எப்படித் தெரியும்? சொன்னது நிறைவேறாத தீர்க்கதரிசியைப் பற்றி உபாகமம் 18:22 என்ன சொல்கிறது என்பதை வீட்டில் எடுத்து வாசியுங்கள். இஸ்ரவேலில் பொய்க் கணிப்புக்கு ஒரு விலை இருந்தது. நம் கணிப்பாளர்களுக்கு விலையே இல்லை. பொய்த்துப்போனால் அடுத்த வாரம் வேறொரு போட்டி வரும், வேறொரு பெயரை அடித்துச் சொல்லலாம்.

விலையைக் கொடுத்தவர் ரவுசி. தோற்ற அன்றே கேலிப் படங்கள் உலகைச் சுற்றின. நேற்றுவரை அவரைத் தேவதை என்றவர்கள் இன்று போலி என்றார்கள். நீ தோற்றதால் என் சொல் பொய்த்தது; ஆகவே நீ பொய். இதுவே அந்தக் கோபத்தின் தர்க்கம். விமான நிலையத்தில் அவர் முகத்தைத் தலையணையால் மறைத்துக்கொண்டு நடந்தார். ஓர் ஆப்பிளைக் கடிக்க மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம் என்றார். 2016 பிப்ரவரியில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், தோற்ற பின் மருத்துவ அறையின் மூலையில் உட்கார்ந்திருந்தபோது தற்கொலை எண்ணம் வந்ததாகக் கண்ணீரோடு சொன்னார். வெல்கிறவள் என்பது போய்விட்டால் தாம் யார் என்ற கேள்வியே அவரை அங்கே கொண்டுபோயிருந்தது. எட்டு வயதில் தந்தையைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தவர் அவர். அருகே நின்ற அன்பானவரைக் கண்டு, வாழ வேண்டும் என்று எண்ணினாராம். தேவனுக்கு ஸ்தோத்திரம்.

அந்தக் கேள்வியை அவருக்குள் விதைத்தது யார்? அவருடைய பெருமையும்தான், மறுக்கவில்லை. எடை பார்க்கும் நாளில் ஹோல்மோடு முட்டி நின்றதும், ஹோல்மின் இனிமை போலி என்று எழுதியதும் அவர்தான். ஆனால் 'இவள் தோற்கமாட்டாள்' என்று லட்சம்பேர் லட்சம்முறை சொன்னால், தோற்கக்கூடிய மனுஷி நிற்க அங்கே இடமேது? தேவசாயலில் படைக்கப்பட்ட ஓர் ஆத்துமாவை (ஆதியாகமம் 1:27) நம் சொல் பலிக்கிறதா என்று பார்க்கும் பகடைக்காயாக்குகிறோம். கணிப்பின் பாவம் இதுதான். பணம் வைத்தாலும் வைக்காவிட்டாலும்.

இப்போது லூக்கா 22-க்கு வாருங்கள். பிரதான ஆசாரியனின் வீட்டில், விடியுமுன்னே, காவலர்கள் நம் ஆண்டவரின் கண்களைக் கட்டி முகத்தில் அறைகிறார்கள். அறைந்துவிட்டு, அடித்தவன் யாரென்று தீர்க்கதரிசனமாய்ச் சொல்லும்படி கேட்கிறார்கள். அடியும் ஊகமும் ஒரே விளையாட்டாகக் கலந்த இடம் வேதத்தில் இது. காவலர்களுக்கு அது பொழுதுபோக்கு. நீண்ட இரவு, கையில் ஒரு கைதி. அவர்களிடம் கேட்டிருந்தால் 'சும்மா விளையாட்டுக்கு' என்றுதான் சொல்லியிருப்பார்கள். கூண்டுக்குள் போகிறவர் தம் விருப்பப்படி, கூலிக்காகப் போகிறார். நம் ஆண்டவர் கட்டுண்டு நின்றார். இந்த வேறுபாடு எனக்குத் தெரியும், அதை மழுப்பவும் மாட்டேன். நான் ஒப்பிடுவது அடிபடுகிறவர்களை அல்ல, சுற்றி நின்று ஊகத்தை விளையாட்டாக்குகிறவர்களை. அந்த வட்டத்தில் நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதே என் கேள்வி.

இனி, நம்முடைய சொந்தப் பங்குக்கு வருகிறேன். இதுதான் என்னை எழுதவைத்தது. ஹாலி ஹோல்மின் தகப்பனார் ஒரு சபையின் பிரசங்கியார். கூண்டுக்குள் அவருக்கு வழங்கும் பட்டப்பெயரே 'பிரசங்கியாரின் மகள்'. அவர் ஜெயித்தவுடன் விசுவாசிகள் பலர் என்ன செய்தார்கள்? தாவீது கோலியாத்தை வீழ்த்தினான் என்றார்கள். பெருமையுள்ளவளைக் கர்த்தர் தாழ்த்தினார், தம் ஊழியக்காரனின் பிள்ளையை உயர்த்தினார் என்றார்கள். பிரசங்கத்துக்கு இதைவிட எளிதான உதாரணம் கிடைக்காது. ஒரு போதகனாக அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் இது உலகத்தானின் கணிப்பைவிட மோசமானது. அவன் தன் பெயரில் பொய் சொன்னான். இவர்கள் கர்த்தரின் பெயரில் சொன்னார்கள். ஏலா பள்ளத்தாக்கில் தாவீது தன் ஜனத்தின் நிந்தையை நீக்கப் போனான்; கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் போட்டிக்குப் போகவில்லை. மேலும், சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் மாண்டதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்று தடுத்த ஆண்டவர் (லூக்கா 13:4-5), ஒருவர் கழுத்தில் உதைபட்டு விழுந்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்ல நமக்கு அனுமதி கொடுத்தாரா?

பவுலே குத்துச்சண்டையை உவமையாக்கவில்லையா என்று கேட்பீர்கள். ஆக்கினார், 1 கொரிந்தியர் 9:26-27. அங்கே அவர் ஒடுக்குவது தம் சொந்தச் சரீரத்தை. பார்வையாளர் இருக்கையில் அவர் உட்காரவில்லை.

பார்வையாளர் இருக்கையைப் பற்றி அறிய வேண்டுமானால் அகுஸ்தீனுவின் நண்பர் அலிப்பியுவிடம் கேளுங்கள். ரோமாபுரியில் படித்த காலத்தில் நண்பர்கள் அவரை வாள்வீரர் அரங்குக்கு இழுத்துப்போனார்கள். உடலைத்தான் இழுப்பீர்கள், மனதை அல்ல என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒருவன் விழுந்தபோது கூட்டம் எழுப்பிய கூச்சலில் கண்ணைத் திறந்தார். அரங்கில் விழுந்தவனைவிட ஆழமாகத் தன் நண்பன் ஆத்துமாவில் காயப்பட்டான் என்று அகுஸ்தீனு எழுதிவைத்தார். வன்மையானவர்தான் அலிப்பியு, பின்னாளில் பேராயரானார். அவரை வீழ்த்தியது கத்தி அல்ல, கூட்டத்தின் குரல். இன்று அந்தக் குரல் போட்டிக்கு ஒரு மாதம் முன்பே உங்கள் உள்ளங்கையில் தொடங்கிவிடுகிறது.

இடையில் ஒன்று. அமெரிக்காவில் சனி இரவு நடக்கும் இந்தப் போட்டிகள் இந்தியாவில் ஞாயிறு காலையில் தெரிகின்றன. பின்வரிசையில் சிலர் தலை குனிந்திருப்பது ஜெபத்தினால் அல்ல என்பது பிரசங்க பீடத்திலிருந்து நன்றாகவே தெரிகிறது.

ஹோல்மை மேற்கோள் காட்டிய பிரசங்கங்களுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லி முடிக்கிறேன். அவர் பட்டத்தை நான்கு மாதம்கூட வைத்திருக்கவில்லை. 2016 மார்ச் 5 அன்று லாஸ் வேகாஸில் மீஷா டேட்டை எதிர்கொண்டார். ஐந்தாம் சுற்றுவரை புள்ளிகளில் முன்னிலை. சுற்று முடிய ஒன்றரை நிமிடம் இருக்கையில் டேட் பின்னாலிருந்து கழுத்தைப் பூட்டினார். தோல்வியை ஒப்புக்கொள்ள ஹோல்ம் கையைத் தட்டவில்லை. நினைவு தப்பும் நொடியிலும் வெறுங்காற்றில் குத்திக்கொண்டே இருந்தார். கர்த்தர் அணி மாறிவிட்டார் என்று ஒருவரும் பிரசங்கித்ததாக நான் கேள்விப்படவில்லை. அந்த இரவில் இன்னும் ஒரு போட்டி பாக்கி இருந்தது: கோனர் மெக்ரெகரும், பதினொரு நாள் அவகாசத்தில் வந்துசேர்ந்த நேட் டயஸும். அதிலும் மெக்ரெகர்தான் என்று பெரும்பான்மையோர் உறுதியாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டாம் சுற்றில் டயஸ் அவர் கழுத்தைப் பூட்டினார்.