டிகிரியில் மார்க் குறைவு... அமெரிக்காவில் பல் டாக்டர் ஆக முடியுமா? கணக்கை மாற்றும் புதிய கடன் சட்டம்

நம்ம ஊரில் பல் டாக்டர் ஆக வேண்டும் என்றால் பிளஸ் 2 முடித்ததும் நீட். 720-க்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் எழுதலாம், பழைய மார்க்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் கதையே வேற. முதலில் 4 ஆண்டு டிகிரி. அதற்குப் பிறகு பெரும்பாலான கல்லூரிகளில் இன்னொரு 4 ஆண்டு பல் மருத்துவம். முடித்தால் டி.டி.எஸ் அல்லது டி.எம்.டி பட்டம். பெயர்தான் வேறு, இரண்டும் ஒன்றுதான். இந்தப் படிப்பில் சேர டிகிரியில் வாங்கிய ஜி.பி.ஏ, அதாவது எல்லாப் பாடங்களின் சராசரி, மிக முக்கியம். ஏ என்றால் 4, பி என்றால் 3, சி என்றால் 2. 18 வயதில் கெமிஸ்ட்ரியில் வாங்கிய ஒரு சி, 25 வயதில் விண்ணப்பிக்கும்போதும் கூடவே வரும்.

அங்கே பல் மருத்துவத்தில் சேருபவர்களின் சராசரி ஜி.பி.ஏ சுமார் 3.6. அப்படியானால் 2.8, 3.0 வைத்திருப்பவர் என்ன செய்வார்? இத்தனை நாள் இதற்கு ஒரு பதில் இருந்தது: 'இன்னும் ஒரு வருஷம் படி, மார்க்கை ஏற்று, அப்புறம் விண்ணப்பி'. அந்தப் பதில் இன்னும் செல்லும். ஆனால் அதன் விலை மாறிவிட்டது.

மறுபடி எழுதினாலும் பழைய மார்க் போகாது

பெரும்பாலான கல்லூரிகளுக்கு ஏ.ஏ.டி.எஸ்.ஏ.எஸ் என்ற ஒரே பொது விண்ணப்பம்தான். நீங்கள் படித்த எல்லாக் கல்லூரிகளின் மார்க்கையும் அவர்களே எடுத்து, அவர்கள் கணக்குப்படி ஜி.பி.ஏ போடுவார்கள். உங்கள் கல்லூரி 'மறுபடி படித்தால் பழைய மார்க்கை அழித்துவிடுவோம்' என்று சொல்லியிருக்கலாம். இவர்கள் அழிக்க மாட்டார்கள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் முதலில் சி, மறுபடி படித்து ஏ என்றால் இரண்டும் சேர்ந்து சராசரி 3.0. அதாவது பி. உயிரியல், வேதியியல், இயற்பியல் மார்க்கைத் தனியாகவும் கூட்டிக் காட்டுவார்கள். இலக்கியத்திலும் வரலாற்றிலும் வாங்கிய ஏ அங்கே உதவாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 120 கிரெடிட் முடித்த ஒருவரின் ஜி.பி.ஏ 2.8. அதன்பின் கூடுதலாக 30 கிரெடிட் படிக்கிறார், கிட்டத்தட்ட ஒரு முழு வருஷப் படிப்பு. எல்லாவற்றிலும் ஏ. இப்போது ஜி.பி.ஏ எவ்வளவு? 3.04. அவ்வளவுதான்! ஒரு வருஷம் ஒரு தப்பும் செய்யாமல் படித்தும் 3.6 பக்கமே போக முடியவில்லை.

அப்படியென்றால் அந்த ஒரு வருஷம் வீணா? இல்லை. விண்ணப்பத்தில் ஒவ்வொரு கட்டத்தின் மார்க்கும் தனித்தனியாகத் தெரியும். முதல் ஆண்டு 2.3, கடைசி ஆண்டு 3.7, அதற்குப் பிறகு படித்ததில் 4.0 என்று ஏறிக்கொண்டே போகும் வரிசையைத் தேர்வுக் குழு பார்க்கும். மொத்தத்தில் 3.0 வைத்திருக்கும் இரண்டு பேரில் ஏறி வந்தவர் ஒருவர், இறங்கி வந்தவர் ஒருவர் என்றால் யாருக்கு அழைப்பு வரும் என்று சொல்லவே வேண்டாம்.

டெக்சாஸ் மட்டும் கொஞ்சம் வித்தியாசமான மாநிலம். அங்கே 'அகாடமிக் ஃபிரெஷ் ஸ்டார்ட்' என்ற சட்டம் இருக்கிறது. 10 ஆண்டுக்கு முன் படித்ததைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று அந்த மாநிலவாசி அரசுக் கல்லூரியிடம் கேட்கலாம். ஆனால் கெட்ட மார்க்கோடு நல்ல மார்க்கும் சேர்ந்தே போய்விடும்.

அடுத்த ஆயுதம் டி.ஏ.டி நுழைவுத் தேர்வு. அறிவியல், வாசிப்பு, கணக்கு ஆகியவற்றோடு, உருவங்களை மனதில் திருப்பிப் பார்க்கும் திறனைச் சோதிக்கும் ஒரு பகுதியும் உண்டு. ஜி.பி.ஏ குறைவானவருக்கு 'எனக்கு அறிவியல் வரும்' என்று நிரூபிக்க இதுதான் நேரடி வழி. கவனிக்க: 2025 மார்ச் முதல் மதிப்பெண் முறை 200 முதல் 600 வரை என்று மாறிவிட்டது. 20-க்கு மேல் எடுத்தால் போதும் என்று சொல்லும் பழைய யூடியூப் வீடியோக்கள் எல்லாம் 30-க்கு மார்க் போட்ட காலத்தவை.

'முழு ஆளையும் பார்த்துத்தான் எடுக்கிறோம்' என்று கல்லூரிகள் சொல்கின்றன. பெரும்பாலும் உண்மைதான். அதே நேரம் சில கல்லூரிகள் குறைந்தபட்ச ஜி.பி.ஏ இவ்வளவு என்று வெளிப்படையாகவே போட்டிருக்கின்றன. சில கல்லூரிகள் சொந்த மாநிலத்தவரை மட்டுமே எடுக்கும், நார்த் கரோலினாவின் ஈஸ்ட் கரோலினா பல்கலைக்கழகம் மாதிரி. ஜி.பி.ஏ குறைவாக இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு 20 கல்லூரிக்குப் பணம் கட்டுவதைவிட இந்த இரண்டையும் முதலில் பார்ப்பது நல்லது.

இங்கதான் புதுச் சட்டம் வருகிறது

2025 ஜூலை 4-ல் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட 'ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்' சட்டம், கிராட் பிளஸ் என்ற மத்திய அரசின் கல்விக் கடனை, புதிதாகக் கடன் வாங்குவோருக்கு நிறுத்துகிறது. அமலுக்கு வரும் தேதி 2026 ஜூலை 1. 2006-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் படிப்புக்கு ஆகும் மொத்தச் செலவு வரை கடன் கிடைத்தது. அதற்குப் பதில் இப்போது உச்சவரம்பு: பல் மருத்துவம் போன்ற தொழில்முறைப் படிப்புக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர். ஏற்கெனவே கடன் வாங்கிப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அதே படிப்பை முடிக்கச் சில ஆண்டுகள் சலுகை உண்டு.

செலவோ வேறு உயரத்தில் இருக்கிறது. தனியார் கல்லூரிகள் பலவற்றில் கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்து 4 ஆண்டுக்கு 4 லட்சம் டாலரைத் தாண்டும். கடன் வாங்கிப் படித்தவர்கள் வெளியே வரும்போது சராசரியாகச் சுமார் 3 லட்சம் டாலர் கடனோடு வருகிறார்கள். நம் பணத்தில் இரண்டரைக் கோடி ரூபாய்க்கு மேல்.

மார்க் குறைந்தவருக்கு இதில் கூடுதலாக ஒரு அடி. ஜி.பி.ஏவைச் சரிக்கட்ட பலர் எடுக்கும் வழி, ஒரு வருஷ முதுகலை அறிவியல் படிப்பு. அதற்கு மத்தியக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர்தான். அந்தத் தொகையும் 2 லட்சம் வரம்பிலிருந்தே கழியும். முழுத் தொகையையும் எடுத்தவருக்கு பல் மருத்துவத்துக்கு மீதி 1,79,500 டாலர். ஆண்டுக்கு 50,000 வீதம் எடுத்தால் நான்காம் ஆண்டில் 29,500 டாலரோடு நின்றுவிடும். மிச்சத்துக்குத் தனியார் வங்கி. வங்கி கேட்பது கிரெடிட் ஸ்கோரும் கையெழுத்துப் போட ஒரு ஆளும். வசதியான அப்பா அம்மா உள்ளவருக்கு இது ஒரு ஃபார்ம். இல்லாதவருக்கு இதுவே முட்டுக்கட்டை.

இன்னொன்றும் இருக்கிறது. முதுகலை மார்க் தனி வரிசையில் நிற்கும், இளங்கலை ஜி.பி.ஏவை அது ஒரு புள்ளிகூட நகர்த்தாது. குறைந்த கட்டணத்தில், வேலை பார்த்துக்கொண்டே இளங்கலை நிலை அறிவியல் பாடங்களை எடுப்பதுதான் புதிய சூழலில் எங்களுக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிகிறது. ஆனால் கம்யூனிட்டி காலேஜ் பாடங்களை ஏற்கத் தயங்கும் பல் மருத்துவக் கல்லூரிகளும் உண்டு. முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். குடியுரிமை உள்ளவருக்கு வேறு வழியும் இருக்கிறது: நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கார்ப்ஸ் உதவித்தொகை கட்டணத்தைக் கட்டிவிடும். பதிலுக்கு டாக்டர் பற்றாக்குறை உள்ள இடத்தில் குறைந்தது 2 ஆண்டு வேலை பார்க்க வேண்டும். ராணுவமும் இதேபோல் ஒரு திட்டம் வைத்திருக்கிறது.

நம்மவர்களுக்கு என்ன?

மேலே சொன்ன மத்தியக் கடன் எல்லாம் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும்தான். எச்-1பி விசாவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை, அமெரிக்காவிலேயே பள்ளிப் படிப்பை முடித்திருந்தாலும், எச்-4 விசாவில் இருக்கும்வரை ஒரு டாலர்கூட வாங்க முடியாது. 21 வயதானால் அந்த எச்-4-ம் போய்விடும், பெரும்பாலும் மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். பல் மருத்துவத்துக்கு விண்ணப்பிப்பதும் சரியாக அந்த வயதில்தான்.

இங்கே பி.டி.எஸ் முடித்துவிட்டு அமெரிக்கா போக நினைப்பவர்களுக்குப் பாதை வேறு. பெரும்பாலான மாநிலங்களில் நேரடியாகப் பயிற்சி செய்ய முடியாது. ஐ.என்.பி.டி.இ தேர்வில் தேறி, அங்குள்ள கல்லூரியில் 2 முதல் 3 ஆண்டு 'அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங்' படிப்பில் சேர வேண்டும். ஐ.என்.பி.டி.இ-யில் பாஸ், ஃபெயில் மட்டும்தான், மார்க் கிடையாது. அதனால் அதைக் காட்டி மற்றவர்களை முந்த முடியாது. உங்கள் பி.டி.எஸ் மார்க் பட்டியலும் மதிப்பீட்டு நிறுவனம் வழியாக 4-க்கு இவ்வளவு என்ற ஜி.பி.ஏ-வாக மாறித்தான் அங்கே போகும். பி.டி.எஸ் முதல் ஆண்டு படித்துக்கொண்டிருந்து, அமெரிக்க யோசனையும் இருந்தால், அந்தக் கணக்கு இந்த செமினாரிலும் இந்த இன்டர்னல் தேர்விலுமே ஓட ஆரம்பித்துவிட்டது.