தகரத் துண்டும் தாத்தாவின் கதையும்

இடம்பெயர்ந்த வேளையில் நாம் எதை எடுத்துக்கொண்டு ஓடினோம்? பிள்ளைகளைத் தூக்கினோம். முடிந்தவர்கள் விதைநெல்லையும், அடையாள அட்டையையும், காணிப் பத்திரத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டோம். தாத்தாவின் பழைய கடவுச்சீட்டையோ துண்டையோ எடுத்தவர்கள் மிகச் சிலரே. அவை இனி எதற்கு என்று எண்ணினோம். அந்த எண்ணம் தவறு என்பதே எமது கருத்து.

1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் கமம் செய்த குடும்பங்கள் எம்மிடையே பல உண்டு. "நாங்கள் எங்கிருந்து வந்தோம்?" என்று பிள்ளைகள் கேட்டால், முதியவர்கள் சொல்லும் கதைதான் எம்மிடம் உள்ள பதில். அக்கதையைப் பழைய பயண விபரங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

"மன்னாரிலிருந்து காட்டுப் பாதையால் மாத்தளைக்கு நடந்தார்கள்" என்று கதை சொன்னால், அப்பயணம் 1914 க்கு முற்பட்டதாகவே இருக்கும். அவ்வாண்டில்தான் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் சேவை தொடங்கியது. "தகரத் துண்டு கட்டிவிட்டார்கள்" என்றால், அது 1900 களின் தொடக்கத்தில் வந்த நடைமுறை. போய்ச் சேரவேண்டிய மாவட்டத்தையும் தோட்டத்தையும் காட்டும் குறிகள் அத்தகரத்தில் இருந்தன. 1939 இல் இந்திய அரசு புதிய தொழிலாளர் வருவதைத் தடைசெய்தது. ஆகவே அதன் பின் வந்ததாகச் சொல்லப்படுபவர் புதிதாக வந்தவரா, ஊருக்குப் போய்த் திரும்பியவரா என்று விசாரிக்க வேண்டும். தாத்தாமார் தொற்றுநோய்த் தடுப்புக்காக நிறுத்திவைக்கப்பட்ட அதே மண்டபத்தில், 1983 க்குப் பின் பேரப்பிள்ளைகள் அகதிகளாகத் தங்க நேர்ந்ததையும் நாம் மறக்கவில்லை.

ஆனால் கடதாசி சொல்வதெல்லாம் வேதவாக்கு அல்ல. அதை எழுதியவர் தலை எண்ணியவர். பெயரைக் காதில் விழுந்தபடி எழுதினார். வயதை முகத்தைப் பார்த்து மதித்தார். கடதாசியில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயரும் இருந்தால், பாட்டி பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம், 1946 க்கு முன் திருமணமானவர் ஏழு ஆண்டும் மற்றவர் பத்து ஆண்டும் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததை நிரூபிக்கக் கேட்டது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஊரில் தங்கியிருந்தால் அத்தொடர்ச்சி அறுந்தது. தாயின் சாவு வீட்டுக்குப் போன பயணமே ஒருவருக்கு எதிரான சாட்சியாகக்கூடிய காலம் அது. "நாங்கள் ஊருக்கே போகவில்லை" என்று சொல்லிப் பழகிய முதியவரை, அந்தப் பயத்தை அறிந்துதான் கேட்கவேண்டும். இன்று அந்தப் பயம் தேவையில்லை. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழிவந்தோருக்கும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் பிரசாவுரிமை வழங்கியது.

எனவே முதலில் கதையைக் கேட்போம். கடதாசியைப் பிறகு தேடுவோம். ஒரு கொப்பியில் ஊர், தாலுகா, கங்காணியின் பெயர், தோட்டம், டிவிசன், வந்த வழி ஆகியவற்றை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுவோம். பின்னர் வீட்டிலுள்ள கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், பழைய பங்கின் ஞானஸ்நானப் பதிவேடு ஆகியவற்றோடு ஒப்பிடுவோம். இரண்டும் முரண்பட்டால் இரண்டையும் எழுதி வைப்போம்.

இதனால் எமக்கு ஒரு பேர்ச் காணியும் கிடைக்கப்போவதில்லை. ஆனால் வந்தேறிகள் என்றும், நாதியற்றவர்கள் என்றும் பெயர் கேட்டு வளரும் பிள்ளைக்கு, தன் பூட்டன் எந்த ஊரில் புறப்பட்டு எந்த வழியாக வந்து எந்த மண்ணைத் திருத்தினார் என்று சொல்லத் தெரிந்திருப்பது சிறிய காரியம் அல்ல. கடதாசி தொலைந்தால் சில வேளை பிரதி எடுக்கலாம். பாட்டியோடு போன கதைக்குப் பிரதி இல்லை. இந்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அவரருகே போய் உட்காருவோம்.